சாமிக்கு வைத்த லவெண்டர்

ஜூன் 21, சனி

இந்தக் கொப்பியைத் திருட்டுத்தனமாகத் திறந்திருப்பவர் லக்சி என்றால்: அடியே, உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படத்தை மட்டும் பார். கீழே இருப்பது நீதான். வாலைக் கவனி.

லக்சி என் தங்கை. எட்டு வயது. வீட்டின் இலவச வானொலி. அவளுக்கு ஒரு விஷயம் காலையில் தெரிந்தால், மத்தியானத்துக்குள் ஹரோவில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுவதற்கும் தெரிந்துவிடும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். எட்டு வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து கொட்டாவி விட்டதற்கு இன்றுதான் பலன்.

என் பெயர் நிதுஷா. வயது பதினைந்து. தொழில் பகிடி, அதாவது ஆளை ஏமாற்றிச் சிரிக்க வைப்பது. எங்கள் வீட்டில் பகிடிக்குச் சட்டம் உண்டு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யார் ஏமாந்தாலும் அதில் திகதி போட்டு, தன் கையால் 'ஏமாந்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சட்டம் இயற்றியவர் அப்பா. அதிக தடவை கையெழுத்து வைத்தவரும் அவர்தான். ஒரு தடவைகூட வைக்காதவர் அம்மா. ஏமாந்ததை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏமாறவில்லை என்பது அம்மாவின் சட்டம்.

அப்பா தபால்காரர். ஐம்பத்தொரு வயது. அவர் சிரிப்பது ஒரு காட்சி. முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு மூக்கால் மெல்லிய விசில் ஒன்று கிளம்பும். அது ஏறி ஏறி, கேத்தல் கொதிக்கிற மாதிரி வீடு முழுக்க ஊதும். கண்ணீர் வழியும். அதைக் கேட்பதற்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

போன டிசம்பர் நத்தாருக்குப் பிறகு அந்தக் கேத்தல் கொதிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஜனவரியில் அவருடைய ரோட்டில் இருக்கிற ஒரு நாய் எழுதியதாக நான் ஒரு கடிதம் எழுதினேன். 'மதிப்புக்குரிய தபால்காரருக்கு, நீர் சப்பாத்து மாற்றியதிலிருந்து உம்முடைய காலுக்குச் சுவை குறைந்துவிட்டது' என்று தொடங்கும். என் வாழ்நாளின் சிறந்த படைப்பு. அப்பா அதை மேசையில் வைத்து வாசித்தார். முகம் சுவர். மடித்துப் பொக்கற்றில் வைத்தார். "நல்லா இருக்கு பிள்ளை" என்றார். அவ்வளவுதான். பிறகுதான் தெரியும், அந்தக் கிழமை அவருக்கு உண்மையாகவே ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, கடிதங்கள் பிந்தி வருகின்றன என்று. வெந்த இடத்தில் நான் போய் நாய்க்கடிதம் வைத்திருக்கிறேன்.

எனவே இந்தக் கோடையின் திட்டம்: அப்பாவை ஒரே ஒரு தடவை சிரிக்க வைப்பது. சிரித்தால் கோபம் தீர்ந்தது.

ஜூன் 24, செவ்வாய்

முதல் முயற்சி. அப்பாவின் மழைக்கோட்டுப் பொக்கற்றில் ஒரு பெரிய துண்டு பெருங்காயத்தைக் காலையிலேயே போட்டுவிட்டேன். நாள் முழுக்கத் தூறல். நாள் முழுக்க அந்தக் கோட்டோடு வீடு வீடாகப் போயிருக்கிறார்.

மாலையில் கதவைத் திறந்த அம்மா இரண்டடி பின்னால் போனா.

"ஐயோ, என்ன மணமப்பா இது!"

"என்ன மணம்?" என்றார் அப்பா.

அந்த நடிப்புக்கு ஒரு விருது கொடுக்க வேண்டும். கண்கூட அசையவில்லை. நானே பொக்கற்றுக்குள் கை விட்டு எடுத்துக் காட்டினேன். பார்த்தார். ஃபிரிட்ஜடிக்குப் போய் 'ஏமாந்தேன்' என்று எழுதினார். சிரிக்கவில்லை.

பெருங்காயம் கோட்டில். சிறுகாயம் எனக்கு.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா பருப்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டா. வேலை முடிந்து களைத்து வந்தவ. பள்ளிக்கூடச் சமையலறையில் ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வருகிற ஆள் நாலு பேருக்குச் சமைக்கும்போது சட்டியை மறந்துவிடுகிறா. நானும் லக்சியும் பாணும் ஜாமும் சாப்பிட்டோம். அப்பா அந்தப் பருப்போடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"பாத்தீங்களே" என்றா அம்மா எங்களிடம். "முந்தி ஒரு கல் உப்புக் கூடினாலும் எழும்பிப் போற மனுசன். மூண்டு வருசமா ஒரு குறை சொல்லேல்லை. நல்லாத் திருத்தி எடுத்திருக்கிறன்."

அப்பா தண்ணீர் குடித்தார்.

ஜூலை 3, வியாழன்

அப்பா இன்று 4.40க்கு வந்தார். போன வருடம் இந்த நேரம் 2 மணிக்கு வந்து குறட்டை விடுவார். வெய்யிலாம்.

ஜூலை 8, செவ்வாய்

இது ஒரு தரமான பகிடி என்று நினைத்துத்தான் செய்தேன்.

அப்பாவுக்கு இப்போது புது நடை. இடது கை வழக்கம்போல வீசும். வலது கை விலாவோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத பார்சல் ஒன்றை வைத்திருப்பதுபோல மடங்கியே இருக்கும். கால் நிலத்தை உரசும். கடைக்குப் போகும்போது நான் பின்னால் அதேபோல நடந்து காட்டினேன். லக்சி சிரித்துச் சிரித்து மதிலில் சாய்ந்துவிட்டாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். திரும்புவதற்கே நாலு அடி எடுத்தார், லொறி திருப்புகிற மாதிரி. என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

அம்மாவும் என்னைத் திட்டவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றா. அம்மா திட்டாமல் விடுவது நல்ல அறிகுறி இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவின் சிநேகிதி ஒருத்தி லவெண்டர் தோட்டத்தில் நின்று படம் எடுத்துப் போட்டிருக்கிறா. ஊதாப் பூ, ஊதாச் சேலை, ஊதாப் பொட்டு. அவவைப் பூவிலிருந்து பிரித்தெடுக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"பூவை நாங்களே பறிக்கலாமாம். வாற ஞாயிறு போறம். எல்லாரும் ஊதா உடுப்பு" என்று அறிவித்தா அம்மா.

"அப்பாவிட்ட ஊதா இல்லையே."

"வாங்கியாச்சு."

அப்பா ஊதாச் சேர்ட்டைப் பிடித்துப் பார்த்தார். "கத்தரிக்காய்க் கறிக்குள்ள என்னைத் துலைச்சுப்போடுவீங்கள்" என்றார். முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

கோபமாக இருக்கிறவர் ஏன் பகிடி விடுகிறார்? புரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள்.

வடக்கே ஒன்றேகால் மணி நேரம். அப்பா ஓட்டினார். அம்மாவின் மடியில் கட்லட், புளிச்சாதம், சுடுதண்ணிப் போத்தல். என் பைக்குள் இரகசியமாக ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாடு, மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றி. இன்றைய பகிடிக்கு மூலப்பொருள்.

தோட்டம் உண்மையிலேயே வடிவு. மேடு முழுக்க ஊதா வரிசை வரிசையாக, யாரோ பெரிய சீப்பால் வாரிவிட்டதுபோல. வாசலில், மூக்கு வெய்யிலில் சிவந்த ஒரு பெட்டை ஆளுக்கொரு கடதாசிப் பையும் மொட்டைக் கத்தரிக்கோலும் தந்தாள். தண்டோடு நீளமாக வெட்ட வேண்டும், பை நிறைய எவ்வளவு கொண்டாலும் எடுக்கலாம், தேனீயைத் தட்டக்கூடாது, ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு வாசம், முகர்ந்து முகர்ந்து பிடித்ததைப் பறியுங்கள் என்றாள்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினா. பிறகு எங்களைத் தனியே கூப்பிட்டு வேறு சட்டம் சொன்னா.

"இது சாமிக்கு. நான் மாலை கட்டப் போறன். ஒருத்தரும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. மணந்த பூவைச் சாமிக்கு வைக்கேலாது."

"அம்மா, காத்தில சும்மா வாற மணத்துக்கு என்ன செய்யிறது?" என்றாள் லக்சி.

"மூச்சை வெளிய விடு. உள்ள இழுக்காதை."

அப்படியாக, தோட்டத்தில் நின்ற நூறு சனமும் பூவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்க, நாங்கள் நாலு பேர் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி பூப் பறித்தோம். அம்மா கத்தரிக்கோலைத் தொடவில்லை. ஊரில் கோயிலுக்கு நந்தியாவட்டை பிடுங்குகிற வேகத்தில், நகத்தால் பூத்தலையை மட்டும் கிள்ளிக் கிள்ளிப் போட்டா. சிவந்த மூக்குப் பெட்டை ஓடி வந்து தண்டு தண்டு என்று காட்டினாள். "தண்டை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று அம்மா அவளைத் தமிழில் கேட்டா.

அப்பா கத்தரிக்கோலால் வெட்டினார். ஒரு தண்டுக்கு ஒரு நிமிடம்.

"அப்பா, பூவிட்டக் கேட்டுக் கேட்டே வெட்டுறீங்கள்?"

"ஓம். சிலது சம்மதிக்குதில்லை."

பக்கத்து வரிசையில் பெரிய தொப்பி போட்ட வெள்ளைக்கார மூதாட்டி ஒருத்தி. ஒரு கொத்தை உள்ளங்கையில் கசக்கி, அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினா, முகர்ந்து பார் என்று. அப்பா இரண்டடி பின்வாங்கிக் கும்பிட்டார். இது கடவுளுக்கு, நாங்கள் முகர மாட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மூதாட்டி நெகிழ்ந்துபோய்த் தன் கையை மறைத்துக்கொண்டா.

எங்கள் அப்பா கோயிலுக்குப் போவது மோதகத்துக்கு. அவருக்கு எப்போது இவ்வளவு பக்தி வந்தது?

பிறகு படம். ஊதாக் குடும்பம் ஊதா வயலில். ஒரு பொடியன் அம்மாவின் போனில் எடுத்துத் தந்தான். அம்மா பார்த்தா. திரும்ப எடுக்கச் சொன்னா. திரும்பப் பார்த்தா. இருபத்தேழு படம்.

"இஞ்சேருங்கோ, ஒரு படத்துக்கு எண்டாலும் சிரிச்சா என்ன குறைஞ்சே போவீங்கள்?"

"சிரிச்சனான்."

"எங்க? இதில எதில? காட்டுங்கோ பாப்பம்."

அப்பா போனை வாங்கினார். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். லக்சி பல்லெல்லாம் தெரிய. அம்மா கழுத்தைச் சரித்து. நான் லக்சியின் தலைக்குப் பின்னால் கொம்பு வைத்து. அப்பா, கடவுச்சீட்டுப் படம். இருபத்தேழிலும். முடிவு வந்ததும் திரும்ப முதலில் இருந்து பார்த்தார்.

"நான் சிரிச்சனான், ரஞ்சி" என்றார். அம்மாவிடம் சொன்னதுபோல இல்லை. போனிடம் சொன்னதுபோல இருந்தது.

நான் கைதட்டினேன். இந்த வருடத்தின் மிகச் சிறந்த வறட்டுப் பகிடி இது என்று நினைத்தேன். அம்மா போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டா.

சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. தோட்டத்துக் கடையில் லவெண்டர் நிரப்பின சின்னத் துணிப்பை விற்கிறார்கள், தலையணைக்குள் வைக்க. ஒன்று வாங்கி, உள்ளே இருந்ததை லக்சியின் தொப்பிக்குள் கொட்டிவிட்டு, நெத்தலியைத் திணித்து முடிச்சுப் போட்டேன். லக்சி மூக்கைப் பொத்திக்கொண்டு உருண்டாள்.

"அப்பா, இது சாமிக்கு இல்லை, உங்களுக்கு. நித்திரைக்கு நல்லதாம். மணந்து பாருங்கோ."

அப்பா வாங்கினார். கண்ணை மூடினார். மூக்கில் அழுத்தி, நன்றாக இழுத்தார்.

நான் காத்திருந்தேன். தோள் குலுங்கும். விசில் வரும். கேத்தல் கொதிக்கும்.

"நல்ல மணம் பிள்ளை" என்றார் அப்பா. "லவெண்டர் எண்டா லவெண்டர்தான்."

சேர்ட்டுப் பொக்கற்றில், நெஞ்சோடு, வைத்துக்கொண்டார்.

வீடு வரைக்கும் அது அங்கேயே இருந்தது. நாங்கள் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு வந்தோம். அம்மா நித்திரை. லக்சி வழி முழுக்க என் காதுக்குள் சிரித்தாள். முதல் பாதி வழி நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிவிட்டு இறங்கி வந்தால், அப்பா சமையலறையில் நிற்கிறார். துணிப்பை அவிழ்ந்திருக்கிறது. உள்ளங்கையில் நெத்தலித் தலைகள். அவற்றை அவர் எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்ததும் ஃபிரிட்ஜடிக்குப் போய்ப் பேனையை எடுத்தார்.

அவர் போன பிறகு பார்த்தேன். 'ஏமாந்தேன்' என்றுதான் எழுதியிருக்கிறார். தொடங்கின 'ஏ' ஓர் எறும்பு அளவு. முடிகிற 'ன்' எறும்பின் முட்டை. மேலே ஜனவரியில் அவர் எழுதினது அதைவிடப் பெரிது. போன வருடத்து எழுத்து அதைவிட இரண்டு மடங்கு.

பகிடி வென்றது. அப்பா சிரிக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

லவெண்டரில் மாலை கட்ட முடியாது. ஊசி பட்டதும் உதிர்கிறது. அம்மா எல்லாவற்றையும் பித்தளைத் தட்டில் குவித்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டா. வீடெல்லாம் வாசம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எனக்கு வாசலிலேயே தெரிந்தது. அப்பா வேலையால் வந்ததும் பின்னால் நின்று பார்த்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே போய் இருந்துவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

வானொலி ஒலிபரப்பிவிட்டது. கருவாட்டை அப்பா லவெண்டர் என்று சொன்ன கதையை லக்சி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தா.

அப்பாவைச் சமையலறைக் கதிரையில் இருத்தினா.

"கண்ணை மூடுங்கோ."

"என்னத்துக்கு?"

"மூடுங்கோ எண்டுறன்."

கோப்பித்தூள் போத்தலைத் திறந்து மூக்கடியில் பிடித்தா. "என்ன இது?"

அப்பா யோசித்தார். "மிளகு."

கறிவேப்பிலையைக் கசக்கினா. "இது?"

"மல்லி... மல்லியிலை."

கற்பூரம். "இது?"

"கற்பூரம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "தெரியுதுதானே! மணக்குதுதானே!"

"இல்லை ரஞ்சி. மூக்குக் குளிருது. அதான் சொன்னனான்."

அம்மா சாமி அறைக்குப் போனா. பித்தளைத் தட்டோடு வந்தா. லவெண்டரை ஒரு கை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினா. வாசலில் நின்ற எனக்குத் தும்மல் வரும்போல இருந்தது.

"மணந்து பாருங்கோ."

அப்பா கண்ணைத் திறந்துவிட்டார். "வேண்டாம். சாமிக்கு வைச்சது."

"சாமி ஒண்டும் சொல்லாது. மணந்து பாருங்கோப்பா."

அம்மாவின் கைக்குள் முகத்தை வைத்து இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். ஊதாத் தூள் மீசையில் ஒட்டியிருந்தது. தலையை ஆட்டினார், இல்லை என்று.

"எப்ப இருந்து?"

"மூண்டு வருசம் இருக்கும்."

"அப்ப என்ர சமையலை எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

"நிறத்தைப் பாத்து."

அம்மா தட்டோடு நிலத்தில் இருந்துவிட்டா. மூன்று வருடமாகத் திருத்தி எடுத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவ.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மணம் முடிந்து பதினெட்டு வருடம். அப்பாவுக்கு மட்டும் இரண்டாம் தரமும் மணம் முடிந்திருக்கிறது. இந்தப் பகிடியை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குடும்ப டொக்டர். அம்மா லீவு போட்டுக் கூடப் போனா. மூக்கைப் பார்க்கப் போனவர்களை நடக்கச் சொன்னாராம். விரலைத் தட்டச் சொன்னாராம். ஏதாவது ஒரு வசனம் எழுதச் சொன்னாராம். அப்பா தன்னுடைய ரோட்டில் ஒரு வீட்டு விலாசத்தை எழுதினாராம். ஊர்ப் பெயருக்கு வரும்போது எழுத்தே தெரியவில்லையாம்.

நரம்பு டொக்டருக்குக் கடிதம் போகிறது. மூக்குக்கு எதற்கு நரம்பு டொக்டர் என்று கேட்டேன். அம்மா பாணுக்குப் பட்டர் பூசினா. பூசின பாணுக்கே திரும்பவும் பூசினா.

ஆகஸ்ட் 6, புதன்

நான் எதையும் தேடவில்லை. சும்மா பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சரி, போனில் தேடினேன். மணம் தெரியாது, எழுத்துச் சிறுக்கும், நடக்கும்போது ஒரு கை வீசாது என்று மூன்றையும் சேர்த்துப் போட்டேன். ஒரே பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் நாலாவதாக ஒன்றும் இருந்தது, நான் போடாதது. முகத்துத் தசை இறுகிவிடுமாம். உள்ளே என்ன நடந்தாலும் முகமூடி போட்டதுபோல இருக்குமாம். வீட்டில் இருக்கிறவர்கள் அதைக் கோபம் என்று நினைப்பார்களாம்.

மூடிவிட்டேன்.

ஜூலை 8ஆம் திகதிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று யோசித்தேன். கடைக்குப் போகிற வழியில் நான் நடந்து காட்டிய நடை. கிழிக்கவில்லை. ஃபிரிட்ஜடிக்குப் போய், அப்பாவின் எறும்புக்குக் கீழே எழுதினேன்: ஏமாந்தேன். நிதுஷா.

"உன்னை ஆர் ஏமாத்தினது?" என்றாள் லக்சி.

"போடி அங்கால."

செப்டெம்பர் 30, செவ்வாய்

எட்டுக் கிழமைக்குப் பிறகு நரம்பு டொக்டர். நானும் போனேன். சின்னப் பெண்மணி, மெதுவான குரல். பார்க்கின்சன் என்றா. அந்தச் சொல்லை நான் ஏழு கிழமையாக வாய்க்குள் வைத்திருந்தேன், அவ சொன்னதும் எனக்குப் பல் வலித்தது.

மருந்துக் குளிசை தருகிறாவாம். கைகால் கொஞ்சம் இலகுவாகுமாம். மூக்குத் திரும்பி வராதாம். நோய் நிற்காதாம், மெல்ல மெல்லக் கூடுமாம்.

"முகம்?" என்றா அம்மா. "பழையபடி சிரிப்பாரோ?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்தா, அம்மாவைப் பார்த்தா, உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

அப்பாவுக்கு வேலையிடத்தில் நடையில்லாத வேலை கொடுத்திருக்கிறார்கள். கடிதம் தரம் பிரிப்பது. இன்று காலை என்னைக் கூப்பிட்டார். பணப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பசைநாடா ஒட்டியிருந்தது. நாய்க்கடிதம்.

"இதை எத்தினை தரம் வாசிச்சிருப்பன் தெரியுமே? ஒருநாள் ரோட்டில நிண்டு வாசிச்சுச் சிரிச்சதில, பதினாலாம் நம்பர்க் கடிதத்தைப் பதினாறில போட்டிட்டன்."

"நீங்கள் சிரிக்கேல்லை அப்பா. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

"உள்ளுக்குச் சிரிச்சனான். அந்தத் தோட்டத்திலயும்தான். எனக்கு என்ர முகத்தில சிரிப்பு இருக்கெண்டுதான் நினைப்பு. படத்தைப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது." கடிதத்தைத் திரும்ப மடித்தார். "அனுப்பினது உண்மை பிள்ளை. விலாசத்துக்குப் போய்ச் சேரேல்லை."

"அப்ப என்னோட கோவமில்லையா?"

"விசரே உனக்கு?"

"அப்ப நீங்கள் சிரிக்கிறது எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா யோசித்தார். வலது கை மேசையில் கிடந்தது. சுட்டுவிரலை மெதுவாகத் தூக்கி, மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது சிரிப்பு."

"கேத்தல்?"

இரண்டு தட்டு.

ஃபிரிட்ஜ் தாளில் புதுச் சட்டம் எழுதினேன். ஒரு தட்டு: சிரிப்பு. இரண்டு தட்டு: கேத்தல். அப்பா கையெழுத்து வைத்தார். பூதக்கண்ணாடி வேண்டும் என்றேன். ஒரு தட்டு.

ஒக்டோபர் 9, வியாழன்

ஒன்று, ஒன்று, இரண்டு (லக்சி சோபாவில் இருந்து விழுந்ததற்கு).

ஒக்டோபர் 14, செவ்வாய்

அம்மா மீன்குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டா. "நிறம் நல்லா இருக்கு" என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்தா. அப்பா தானே ஒரு தட்டுத் தட்டினார். அம்மாவும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினா. பிறகு எழுந்து குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றா.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லவெண்டர் தட்டை அம்மா இன்றுதான் எடுத்தா. ஊதா போய் வைக்கோல் நிறம். எறிய மனமில்லாமல் ஒரு ஜாம் போத்தலில் போட்டு மூடினா. நான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் இருக்கிறது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஒரு பகிடியும் விடவில்லை. அப்பாவின் விரல் மேசையில் தட்டியது.

"என்னப்பா, என்னத்துக்குச் சிரிக்கிறீங்கள்?"

அப்பா விரலைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, வழக்கம்போல. இடது கையை எடுத்து வலது கைக்கு மேல் வைத்தார்.

"பழசொண்டு ஞாபகம் வந்தது" என்றார்.

நவம்பர் 1, சனி

விரல் தானாக ஆடுகிறதாம், குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள். விரலுக்கு அது விளங்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

டிவியில் செய்தி. எங்கேயோ வெள்ளம். கூரையில் சனம். சிரிக்க ஒன்றும் இல்லை. அப்பாவின் வலது கை கதிரைக் கைப்பிடியில் கிடந்தது. விரல் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று இல்லை, இரண்டு இல்லை. நிற்காமல்.

"அப்பா கேத்தல்! அப்பா கேத்தல்!" என்று கத்தினாள் லக்சி. அம்மா எழுந்து அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனா.

நான் அப்பாவின் காலடியில் போய் இருந்தேன். நாய் எழுதிய இரண்டாவது கடிதத்தை எழுதி வைத்திருந்தேன், இரண்டு கிழமை வேலை. 'மதிப்புக்குரிய தபால்காரருக்கு, நீர் ரோட்டுக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். புதிதாக வந்தவனின் கால் உப்பில்லாத மீன்குழம்பு' என்று தொடங்கும். சத்தமாக வாசித்தேன். முதல் கடிதத்தைவிட நல்லது. நான் வாசிக்கத் தொடங்குவதற்கு முதலும் விரல் தட்டியது. வாசிக்கும்போதும் தட்டியது. முடித்த பிறகும் தட்டியது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு விரலைப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"கடைசியாத் தட்டினது நான்" என்றார் அப்பா.

"தெரியும் அப்பா" என்றேன்.

ஃபிரிட்ஜடிக்குப் போய்ப் பேனையை எடுத்தேன். யார் ஏமாந்தது என்று தெரியாவிட்டால் யார் கையெழுத்து வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பேனையைத் திரும்ப வைத்துவிட்டேன்.